2001 ரியோஹா கிரான் ரெசர்வா குடித்த கதை

ஸ்பெயின் போனபோது, ரியோஹா ஒயின் பகுதியில் இருக்கிற லொக்ரோனியோ ஊரில் ஒரு சின்னக் கடையில் இந்தச் சிவப்பு ஒயினை வாங்கினேன். வெயில் படுகிற ஜன்னலோரம் நிற்க வைத்திருந்ததால் கொஞ்சம் தயக்கம்தான், ஆனால் 2001 ரியோஹாவில் அருமையான வருடம், விட மனசு வரவில்லை. கிரான் ரெசர்வா என்று லேபிளில் போட வேண்டுமானால் குறைந்தது 5 வருடம் முதிர வைத்திருக்க வேண்டும், அதில் 2 வருடமாவது ஓக் பீப்பாயில்.

மண்டி அடியில் தங்கட்டும் என்று முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன். கார்க் பாதியில் உடைந்தது, இத்தனை வயசான கார்க் அப்படித்தான். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஜாடிக்கு மாற்றி, கறுப்பாக மண்டி கழுத்தை எட்டியதும் நிறுத்திவிட்டேன், கடைசி இரண்டு விரல் அளவு போனால் போகட்டும்.

கிளாஸில் ஒயினின் ஓரத்தில் செங்கல் நிறம். முதல் மோப்பத்தில் பழைய அலமாரி வாடை, சரி, ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். பத்து நிமிடத்தில் உலர்ந்த செர்ரி, புகையிலை, தோல், அமெரிக்க ஓக் தருகிற வெனிலா, லேசாகக் கொப்பரை வாசனை என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தது. டெம்ப்ரனியோ திராட்சையின் துவர்ப்பு தேய்ந்து மெத்தென்று இருக்கிறது, புளிப்பு மட்டும் இன்னும் துடிப்பாக.

அறை 25 டிகிரி என்றால் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், 17 டிகிரி போதும். திராட்சைக் கொடிச் சுள்ளியில் சுட்ட ஆட்டுக்குட்டி விலாக்கறி அந்த ஊர் ஜோடி, பிரமாதம். ஒன்றரை மணி நேரம் கழித்து மிச்சமிருந்த கிளாஸ் சப்பென்று ஆகிவிட்டது, அதனால் நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.