கொன்சாகா: அரங்கம் ஒன்று, மார்ச் மாதம் இரண்டு விதம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போக்கேன் நகரில் இருக்கும் கொன்சாகா, இயேசு சபையினரின் சிறிய பல்கலைக்கழகம். அமெரிக்கக் கால்பந்தை 1941க்குப் பிறகு கைவிட்டதால் விளையாட்டில் வரும் பணமும் பேரும் கூடைப்பந்தை நம்பியே இருக்கின்றன. ஆண்கள், பெண்கள் இரு அணிகளுக்கும் சொந்த அரங்கம் ஒன்றே: 2004இல் திறந்த, 6,000 இருக்கைகள் கொண்ட மெக்கார்த்தி மையம்.

பேரில் ஆண்கள் அணிதான் முன்னே நிற்கிறது. 1999 முதல் மார்க் ஃப்யூ தலைமைப் பயிற்சியாளர். 2017, 2021 இரண்டு ஆண்டுகளிலும் தேசிய இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றார்கள். 2021இல் 31 வெற்றிகளோடு, தோல்வியே காணாமல் வந்து, பேலர் பல்கலைக்கழகத்திடம் 86-70 என்று தோல்வி. பெண்கள் அணியின் உச்சம் 2011இல் தேசியத் தொடரின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது. அந்த அணியின் கோர்ட்னி வாண்டர்ஸ்லூட், 2,000 புள்ளிகளையும் 1,000 அசிஸ்ட்களையும் (சக வீரர் கூடையில் போட உதவும் பாஸ்) சேர்த்தே எட்டிய முதல் டிவிஷன் ஒன் (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் நிலை) ஆட்டக்காரர். ஆண்களில்கூட அதற்கு முன் யாரும் இல்லை.

ஆட்ட விதிகளில் பந்தின் அளவு (சுற்றளவு 29.5 அங்குலம், பெண்களுக்கு 28.5) பெரிய விஷயமில்லை. ஃபவுல் (விதிமீறல்) கணக்குதான் ஆட்டத்தையே மாற்றுகிறது. ஆண்களுக்கு 20 நிமிடப் பாதிகள் இரண்டு. ஒரு பாதியில் எதிரணியின் 7ஆவது ஃபவுலிலிருந்து ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு. முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். 10ஆவதிலிருந்து இரண்டும் உறுதி. எட்டு நிமிடத்துக்குள் ஏழு ஃபவுல் செய்த அணி, மீதி 12 நிமிடமும் தடுப்பாட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். பெண்களுக்கு 2015-16 முதல் 10 நிமிடக் குவார்ட்டர் நான்கு. 5ஆவது ஃபவுலிலேயே இரண்டு ஃப்ரீ த்ரோ. ஆனால் அடுத்த குவார்ட்டரில் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

உண்மையான பிளவு மார்ச் மாதத் தேசியத் தொடரில். ஆண்கள் அணி எத்தனை உயர்ந்த தரவரிசை பெற்றாலும் சொந்த அரங்கில் ஆடமுடியாது. பெண்கள் தொடரில் முதல் 16 இடங்களுக்குள் வரும் அணி, முதல் இரண்டு சுற்றுகளைத் தன் ஊரிலேயே நடத்தும். 2024இல் இது விநோதமாக முடிந்தது. ஆண்கள் தொடரின் சில ஆட்டங்கள் ஸ்போக்கேனில் நடக்க, கொன்சாகா ஆண்கள் சால்ட் லேக் சிட்டிக்குப் போனார்கள். பெண்கள் அதே வாரம் மெக்கார்த்தியில் யூட்டா பல்கலைக்கழக அணியை வென்றார்கள். ஊரில் ஓட்டல் அறை கிடைக்காமல் வந்த அணிகள் பக்கத்து மாநிலமான ஐடஹோவில் தங்க நேர்ந்தது.

அந்த 16க்குள் பெண்களை நிறுத்தியதில் பெரும்பங்கு, 2023 டிசம்பரில் தேசிய அளவில் 3ஆம் இடத்திலிருந்த ஸ்டான்ஃபோர்டைச் சொந்த மண்ணில் 96-78 என்று வீழ்த்தியதற்கு உண்டு. கொன்சாகா ஆடிவந்த வெஸ்ட் கோஸ்ட் மாநாட்டின் (பல்கலைக்கழக அணிகள் தங்களுக்குள் ஆடும் கூட்டமைப்பு) இறுதி ஆட்டத்தில் போர்ட்லாந்திடம் தோற்றும் இடம் பறிபோகவில்லை. ஆகவே ஆண்கள் அணி நவம்பர், டிசம்பரில் பெரிய அணிகளை, இரு அணிக்கும் சொந்தமல்லாத பொது ஊர்களில் சந்திப்பது மார்ச்சுக்கு நல்ல ஒத்திகை. பெண்கள் அணிக்கோ அத்தகைய வெற்றி ஒன்றிரண்டு இல்லையென்றால் மார்ச்சில் வெளியூருக்குப் பெட்டி கட்டவேண்டும்.

பணத்திலும் இடைவெளி. ஆண்கள் தொடரில் ஓர் அணி ஆடும் ஆட்டங்களுக்காக அதன் மாநாட்டுக்குப் பங்குத்தொகை 1991இலிருந்தே வருகிறது. பெண்களுக்கு 2025இல்தான் தொடங்கியது.

2026இல் பேக்-12 என்ற வேறு மாநாட்டுக்கு மாறும் முடிவும் ஆண்களுக்கே கூடுதல் லாபம் என்பேன். சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் போன்ற வலுவான ஆண்கள் அணிகள் அங்கே சேர்கின்றன. பெண்களோ ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டையும் 2024-25 முதலே பழைய மாநாட்டில் சந்தித்துவந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு தரத்திலான அணியை டிசம்பரில் அழைக்கும் வேலை அவர்களுக்குத் தீராது.