சொந்த ஃபோர்க்லிஃப்டா, வாடகை வண்டியா?

கப்பலூர் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தும் மச்சான் கேட்டார்: “ஃபோர்க்லிஃப்டை, அதான் சரக்கு தூக்குற வண்டியை, வாடகைக்கு எடுத்தா விபத்து வழக்கு நம்ம தலையில விழாதுல்ல?” விழும்.

சொந்த வண்டி என்றால் ஓட்டுநர் பயிற்சி, பிரேக், செயின் சோதனை எல்லாம் உங்கள் செலவு. ஆனால் சோதனைப் பதிவேடு கையில் இருக்கும்.

வாடகையில் பராமரிப்புத் தொல்லை இல்லை. அப்புறம் ஒருநாள், ஹாரன் அடிக்காத வண்டியோடு புதுப் பையன் வந்து நிற்பான். அவனுக்கு உங்கள் தளத்தின் சரிவும் தெரியாது, ஆள் நடக்கும் பாதையும் தெரியாது. அவன் அடிபட்டால்? ஒப்பந்ததாரரின் ஆள் என்றாலும், உங்கள் தொழிலின் வழக்கமான வேலையில் அடிபட்டால் உங்களிடமே இழப்பீடு கேட்க 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவிலேயே வழி இருந்தது. கொடுத்ததை ஒப்பந்ததாரரிடம் வசூலிக்கலாமாம், வசூலித்துப் பாருங்கள்!

தினமும் லோடு என்றால் சொந்த வண்டிதான். மாதம் இரண்டு லாரி என்றால் வாடகை போதும். கேட்டிலேயே ஹாரனை ஒருமுறை அடிக்கச் சொல்லுங்கள்.