அளந்து பார்த்துவிட்டுக் கதைக்கிற கடை: திருகோணமலையில் ஒரு போன் திருத்துமிடம்

திருகோணமலையில் போன் பழுதானால் கொண்டுபோகக் கடைகளுக்குக் குறைவில்லை. மத்திய வீதியில் ஒரு பக்கமாக நடந்தாலே கவர் விற்கிற, கண்ணாடி ஒட்டுகிற, டிஸ்ப்ளே மாற்றுகிற கடைகள் அடுத்தடுத்து வரும். ஆனால் என்ன பழுது என்று கண்டுபிடித்து, அதை நமக்கும் காட்டிவிட்டு, பிறகு கைவைக்கிற கடை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது பெரிய வீதியை விட்டு விலகி ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. பலகையில் "போன் திருத்தப்படும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கும், வேறு பெயர் கிடையாது. நடத்துகிற தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம்.

நான் பாலையூற்றில் வீட்டிலிருந்து தைக்கிறேன். ஓடர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். சட்டை மாதிரிப் படம், அளவு, எப்போது வேண்டும் என்ற குரல் பதிவு, எல்லாம் ஒரே போனுக்குள். போன் நின்றால் என் மெசினும் நின்ற மாதிரித்தான். 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு புதுப் போன் வாங்குவது என்னைப் போன்றவர்களுக்கு லேசான காரியம் இல்லை. இருக்கிறதைத் திருத்தித் திருத்தித்தான் பாவிக்க வேண்டும். ஆகவே திருத்துகிறவர் யார் என்பது எனக்குப் பெரிய விசயம்.

கடைக்குள் ஒரு நீள மேசை, அதன்மேல் நுணுக்குக்காட்டி, சூட்டுக்காற்று அடிக்கிற கருவி, வோல்டும் அம்பியரும் காட்டுகிற பவர் சப்ளை. இந்தப் பக்கம் ஒரு வாங்கு, சில பிளாஸ்டிக் கதிரைகள். அந்த வாங்கைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் போகிறவர்கள் எல்லாரும் அதில்தான் மாட்டுவார்கள். காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பதில்லை. ஒருவர் போனை மேசையில் வைத்தவுடன் வாங்கிலிருந்து தீர்ப்பு வரத் தொடங்கிவிடும். "இது கொப்பி டிஸ்ப்ளே, பார்க்கத் தெரியுது." "இந்தக் கம்பனிப் போனை யார் வாங்கச் சொன்னது?" "ஐபோன் எடுத்திருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை." "நான் இதே மொடலை அஞ்சு வருசமாப் பாவிக்கிறன், ஒன்றும் வரேல்லை." போனைத் திறந்து பார்க்கவே இல்லை, அதற்குள் இவ்வளவும்.

கடைசியில் சொன்னேனே, அந்தப் பேச்சுத்தான் எனக்கு மிகவும் கோபம் வருவது. உங்களுடைய போன் ஓடுகிறது என்றால் அது உங்களுடைய போனைப் பற்றிய செய்தி. பக்கத்தில் நிற்கிறவருடையது ஏன் நின்றது என்பதற்கு அதில் பதில் இல்லை. காசு இல்லாமல், வேலை கெட்டு, கவலையோடு வருகிறவரிடம் "நீங்கள் பாவித்த விதம் பிழை" என்று மறைமுகமாகச் சொல்வதுதான் அது. வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெண்களும் அதைக் கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்தான் போனுக்கு என்ன நடந்தது என்பதைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள்.

இந்தக் கடையை நான் மெச்சுவதற்குக் காரணம், அந்தத் தம்பி வாங்கின் தீர்ப்பை ஒருபோதும் எடுத்துக்கொள்வதில்லை. "பொறுங்கோ, அளந்து பார்ப்பம்" என்பார். என்னைப் போலத்தான், நானும் நாடாவை வைத்து அளக்காமல் துணியில் கத்தரி வைக்கமாட்டேன்.

என் போனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 40 வீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடும். படம் எடுக்கப் போனால் கட்டாயம் அணையும். வேறொரு கடையில் பார்த்துவிட்டு "போர்ட் (உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகை) போயிற்று, புதிது வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டார்கள். இங்கே தம்பி பின்மூடியைக் கழற்றி, பற்றறியின் வோல்டைப் பார்த்துக்கொண்டே "அக்கா, இப்ப கமராவைத் திறங்கோ" என்றார். திறந்தவுடன் மீற்றரில் எண் சடாரென்று கீழே இறங்கியது. பிறகு பற்றறியைக் கழற்றிவிட்டு பவர் சப்ளையிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்தார். கமரா, லைட், வீடியோ எல்லாம் ஓடியது, போன் அணையவில்லை. போர்ட்டில் ஒன்றும் இல்லை. பற்றறி பழசாகும்போது அதன் உள்தடை கூடும். கமரா போன்ற ஒன்று ஒரேயடியாக மின்சாரத்தை இழுத்தால் வோல்ட் விழும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் போன் தன்னைக் காப்பாற்ற அணைந்துவிடும். இதை என் கண்ணால் பார்த்ததால் எனக்கு விளங்கியது. பற்றறியும் கூலியும் சேர்த்து 5500 ரூபா. புதுப் போனின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

அன்றைக்கு வாங்கில் இருந்த வங்கியில் வேலை செய்கிற அண்ணர் ஒருவர் அதோடு விடவில்லை. "எல்லாம் கம்பனிக்காரரின் வேலை. அப்டேட் போட்டுப் போனை மெதுவாக்கி, புதுசு வாங்க வைக்கிறாங்கள்" என்றார். இன்னொருவர் "சும்மா கதை, ஆதாரம் இருக்கா?" என்று எழும்பினார். குரல் உயர்ந்தது. இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது, ஆனால் இரண்டு பேருமே மற்றப் பாதியைக் கேட்கத் தயாரில்லை.

நடந்தது இதுதான். பழைய ஐபோன் மெதுவாகிறது என்று சனம் வருடக்கணக்காகக் குறை சொல்லிக்கொண்டிருந்தது, யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2017 டிசம்பரில் ஒரு பாவனையாளர் தன் ஐபோனுக்குப் பற்றறி மாற்றி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வேகத்தை அளந்து அந்த எண்களை எல்லாருக்கும் காட்டினார். புதுப் பற்றறி போட்டவுடன் வேகம் திரும்ப வந்திருந்தது. பிறகு மற்றவர்களும் அளந்தார்கள். அந்த மாதமே அப்பிள் வாயைத் திறந்தது: பற்றறி பழசான போன்கள் திடீரென்று அணையாமலிருக்க மென்பொருள் மூலம் வேகத்தைக் குறைத்தோம் என்று ஒத்துக்கொண்டது. 2018 முடியும் வரைக்கும் பற்றறி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலருக்கு இறக்கியது. 2020இல் பிரான்சில் 25 மில்லியன் யூரோ தண்டம், அமெரிக்காவில் 500 மில்லியன் டொலர் வரை கொடுக்க இணக்கம். ஆக, வேகத்தைக் குறைத்தது உண்மை. அதற்குக் கம்பனி சொன்ன காரணம் என் போனில் நான் பார்த்த அதே வோல்ட் விழுகிற பிரச்சினைதான், அதுவும் உண்மை. பாவிக்கிறவருக்குச் சொல்லாமல் செய்தது பெரிய குற்றம். தம்பி இதை எல்லாம் மேசையில் குனிந்தபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னார். அண்ணர் பிறகு தன் போனையும் அளக்கக் கொடுத்தார்.

கடல் பக்கத்து ஊர் என்பதால் இங்கே இன்னொரு சண்டை அடிக்கடி வரும். நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் படகு ஓட்டுகிற ஒரு பொடியன், தண்ணீர் போகாது என்று விளம்பரம் செய்த விலை கூடிய போனைக் கடலில் நனைத்துவிட்டுக் கொண்டுவந்திருந்தான். சார்ஜ் ஏறவில்லை. வாங்கிலிருந்து ஒருவர் "அரிசிக்குள்ள போட்டிருந்தால் சரியாகியிருக்கும்" என்றார். கிண்ணியாவிலிருந்து வருகிற நானா ஒருவர் "ஐபி68 போனுக்கு ஒன்றும் ஆகாது தம்பி, நீ கீழே போட்டிருப்பாய்" என்றார். பொடியன் அழாத குறை.

தம்பி முதலில் சிம் தட்டைக் கழற்றி லைட் அடித்துக் காட்டினார். உள்ளே தண்ணீர் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது, அது சிவந்திருந்தது. பிறகு சார்ஜ் போடும் துளையை நுணுக்குக்காட்டியில் வைத்து எங்களையும் பார்க்க விட்டார். ஊசிகளைச் சுற்றி உப்புப் படிந்து பச்சை பிடித்திருந்தது. கீழே விழுந்த அடையாளம் எதுவும் இல்லை. ஐபி68 என்பது போனுக்குள் தண்ணீர் போகாது என்பதற்குக் கொடுக்கிற தரக் குறியீடு, அது நன்னீரில் செய்யும் சோதனை. சாம்சங் தன் போன்களுக்குச் சொல்வது 1.5 மீற்றர் ஆழம், 30 நிமிடம், அதுவும் நன்னீர். கடற்கரையில் பாவிக்கவேண்டாம் என்று அதே கம்பனி எழுதியும் வைத்திருக்கிறது. அரிசி உதவாது, அதன் தூள் உள்ளே போய்ப் பழுதாக்கலாம் என்று 2024இல் அப்பிளே அறிவுறுத்தியது. உப்புத்தண்ணீர் பட்டால் உடனே அணைத்து, சார்ஜ் போடாமல் கொண்டுவரவேண்டும். ஈரத்தோடு சார்ஜ் போட்டால்தான் ஊசிகள் வேகமாக அரிக்கும்.

ஆனால் பொடியனின் கோபத்தில் நியாயம் இருந்தது, அதை நான் அங்கேயே சொன்னேன். நீச்சல் தடாகத்திலும் கடலிலும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி விளம்பரம் போட்டால் வாங்குகிறவர் என்ன நினைப்பார்? அவுஸ்திரேலியாவில் இதே விசயத்துக்காக சாம்சங் 2022இல் 14 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் கட்டியது. எங்களுடைய பிள்ளைகள் கடலில் உழைக்கிறவர்கள். அவர்களுக்கு விற்கிறபோது கடலைப் பற்றிய எச்சரிக்கையைச் சின்ன எழுத்தில் ஒளித்துவைப்பது சரியில்லை. சார்ஜ் துளையுள்ள சின்னப் பலகையை மாற்றி, மற்ற இடங்களைச் சுத்தம் செய்து தம்பி அந்தப் போனை ஓட வைத்தார். ஆனால் "எவ்வளவு காலம் ஓடும் என்று நான் உறுதி தரமாட்டன்" என்றும் சொல்லிவிட்டார். அந்த வார்த்தைக்கே நான் மதிப்பெண் போடுவேன்.

எல்லாக் குறையையும் மீற்றரில் அளக்க முடியாது, அதையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் நல்ல நிலையில் ஓடுகிற லப்டொப்பைக் கொண்டுவந்தார். விண்டோஸ் 10க்கு வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, புதிய விண்டோஸ் அந்த மெசினில் ஏறாது. இதில் பழுது எங்கே இருக்கிறது? மெசினில் இல்லை. தம்பி விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். ஐயா பேப்பர் வாசிக்கிறார், கனடாவில் உள்ள மகளோடு கதைக்கிறார், போதும்.

உதிரிப்பாகங்களில் இவர் நடந்துகொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. டிஸ்ப்ளே மாற்ற வேண்டுமென்றால் மேசையில் இரண்டு வகையை எடுத்து வைத்து இரண்டின் விலையையும் சொல்வார். மலிவான எல்சிடி வகை டிஸ்ப்ளே போட்டால் திரையின்மேல் விரல் வைத்துத் திறக்கிற வசதி வேலை செய்யாது, கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும், தடிப்பும் கூடும் என்று முதலே சொல்லிவிடுவார். காசு குறைந்தவர் மலிவானதை எடுக்கலாம், ஆனால் தெரிந்து எடுக்கிறார்.

பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பல இடங்களில் நம்முடைய பற்றேன் லொக்கைக் கேட்டு, ஒரு துண்டில் கீறி, போனின் முதுகில் ஒட்டி வைத்துவிடுவார்கள். என் போனில் என்னிடம் தைக்கக் கொடுக்கிற பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. அவர்கள் என்னை நம்பி அனுப்பியவை. இங்கே லொக் கேட்பதில்லை. சிம்மையும் மெமரி கார்ட்டையும் முதலில் கழற்றிக் கையில் தந்துவிடுவார். என்னுடையது சாம்சங் என்பதால், செற்றிங்ஸில் பராமரிப்பு முறை என்று ஒன்று இருப்பதைக் காட்டி என்னையே போட வைத்தார். அதைப் போட்டால் போன் ஓடும், ஆனால் படங்களும் செய்திகளும் திறக்காது. வேலையும் நம் கண் முன்னால்தான் நடக்கும்.

குறைகளும் இருக்கின்றன. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுப் போனால் எப்போது திறப்பார் என்று தெரியாது, தொலைபேசியில் எடுத்தால் பதில் இல்லை. மூன்று மாத உத்தரவாதம் என்பது வாய்ச்சொல்தான், துண்டு கேட்டால்தான் எழுதித் தருவார். கேட்காமலே, அளந்த எண்களையும் சேர்த்து எழுதித் தரவேண்டும். ஏனென்றால் விற்ற கடையிடமோ கம்பனியிடமோ போய்க் கதைக்கிறபோது நம் கையில் இருக்கிற ஒரே பலம் அதுதான். வாங்கில் சத்தம் போடுகிறவர்களைத் தம்பி அடக்குவதில்லை என்பதும் எனக்குக் குறைதான். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கலாம், போனோடு வந்திருக்கிற அம்மாவுக்கு அது கேட்கிறது. வரிசைப்படி கூப்பிட்டு, போனுக்குச் சொந்தக்காரரை முதலில் கதைக்க விட்டால் நல்லது. நேரில் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

பாவித்த போன் வாங்கப்போகிறவர்களும் இவரிடம் காட்டிவிட்டு வாங்கலாம். *#06# அடித்து வருகிற ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தருவார், அதற்குக் காசு எடுப்பதில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். படங்களை வேறெங்காவது சேமித்துவிட்டுப் போங்கள். வீட்டில் பாவிக்கிற சார்ஜரையும் வயரையும் கட்டாயம் கொண்டுபோங்கள், ஏனென்றால் தம்பி முதலில் அதைத்தான் மீற்றரில் போட்டுப் பார்ப்பார். வயர்தான் பிழை என்றால் வயரை மட்டும் மாற்றச் சொல்லி அனுப்பிவிடுவார்.