முகம் தெளிந்தது, போர்வை வெளுத்தது: ஒரு பரு ஜெல்லுடன் இரண்டரை ஆண்டுகள்

புதிதாகத் திருமணமான நாத்தனார் மகள் சென்ற வாரம் தொலைபேசியில், "அத்தை, நீங்க முகத்துக்குப் போடுற ஜெல் பேரு என்ன?" என்று கேட்டாள். அடாபலீன் 0.1 சதவீதமும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமும் கலந்த அந்த ஜெல்லை, தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி இரண்டரை ஆண்டுகளாக இரவில் தடவி வருகிறேன். ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலைதான் சென்னிமலைப் போர்வையைத் துவைத்துக் கொடியில் விரித்திருந்தேன்.

கருநீலப் போர்வையில் என் கன்னம் படும் இடமெல்லாம் வெளிறிய திட்டுகள். கறையாக இருந்தால் தேய்த்துப் போக்கலாம். இது சாயமே அழிந்துபோன இடம். மயிர்க்காலுக்குள் இருக்கும் பாக்டீரியாவை ஆக்சிஜனேற்றத்தால் கொல்லும் பெராக்சைடு, துணியின் சாயத்தையும் அதே வழியில் வெளுத்துவிடுகிறது. இதற்கு முன்பு இரண்டு மெரூன் துண்டுகளும் கணவரின் சட்டை ஒன்றும் இப்படிப் போயின. தடவியது நன்றாகக் காய்ந்த பிறகே படுக்கிறேன். நள்ளிரவில் மின்சாரம் போய் வியர்த்தால் அந்தக் கவனமெல்லாம் வீண். இதைப் பற்றி யாரும் எனக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் எறும்பு எழுத்தில் இருந்ததாம்.

மருந்தின் மீது பழி சொல்ல முடியாது. முன்பு ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் மாதக்கணக்கில் தடவி, பாக்டீரியா அதற்குப் பழகி, அது பலன் தராமல் போனதைப் பார்த்தவள் நான். பெராக்சைடுக்குப் பாக்டீரியா அப்படிப் பழகிப்போவதில்லை. உதிரும் செல்களும் எண்ணெய்ப்பசையும் சேர்ந்து தோல் துளையை அடைப்பதை அடாபலீன் தடுக்கிறது. முதல் மாதம் வாயோரம் தோல் உரிந்து, சாம்பாரின் காரம் பட்டாலே எரிந்தது; பருக்களும் கூடியதுபோல் தெரிந்தது. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவுதான் என்பதை மறந்து அள்ளிப் பூசியது என் தவறு. மூன்றாம் மாதத்தில் புதிய பருக்கள் நின்றன. கரும்புள்ளிகள் மறைய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "வாங்காதே" என்றுதான் அவளிடம் கூறினேன். குழந்தைக்கு முயல்பவர்கள் அடாபலீனை மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது என்ற காரணத்தைச் சொன்னேன், அது உண்மையும்கூட. போர்வை மேலிருந்த கோபத்தைச் சொல்லவில்லை. இந்த ஜெல்லுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருவேன். என் டியூப் நாளையோ மறுநாளோ தீர்ந்துவிடும். அடுத்ததை வாங்கும்போது நாலு வெள்ளைத் தலையணை உறைகளும் வாங்க வேண்டும்.