ஒரு வெள்ளி வரிசையா, தனியார் கிளினிக்கின் மறைவா?

அக்காவுக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதிக்கொடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம். மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்கிலேயே தொடர்வதா, கடைத்தெருத் தனியார் கிளினிக்குக்கு மாறுவதா? இரண்டையும் பார்த்துவிட்டோம்.

காசில் போட்டியே இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்; மருந்தும் அதற்குள் அடக்கம். தனியாரில் டாக்டர் கட்டணமும் மாத்திரை விலையும் சேர்ந்து, செம்பனைக் குலை அறுக்கும் அத்தானின் சம்பளத்தை மாதாமாதம் கடிக்கும்.

ஆனாலும் அக்கா தனியாரையே விரும்பினார். காரணம் வெட்கம். அரசாங்கக் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்தால் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே ஆளைக் கேலி செய்யும் வட்டாரம் இது. அங்கே 1911-இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் இன்றைய பெயரில் இருக்கும் 'பஹாகியா'வுக்கு மகிழ்ச்சி என்று பொருள். கேலி செய்கிறவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது! தனியாரில் காய்ச்சலுக்கு வந்தவர் போலப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். இதை அற்ப வசதி என்று ஒதுக்க மாட்டேன். கூச்சப்பட்டுச் சிகிச்சையே வேண்டாம் என்று படுத்துக்கிடப்பதற்குப் பணம் கட்டிப் போவது மேல்.

மூன்றாம் மாதம்தான் சிக்கல். சம்பளம் குறைந்துபோனதால் பத்து நாள் மாத்திரை மட்டும் வாங்கினோம். அது தீர்ந்து நான்கு நாள் வெறும் டப்பா. தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் வெட்டியது போன்ற உணர்வு, காரணமில்லாத அழுகை. நோய் திரும்பிவிட்டதென்றே பயந்தோம். மருந்தைத் திடீரென நிறுத்தியதன் விளைவு என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. மாத்திரைக்கு மாத்திரை இது வேறுபடும். ஃபுளூவாக்செடின் உடலில் வாரக்கணக்கில் தங்குவதால் ஒரு நாள் மறந்தாலும் அவ்வளவாகத் தெரியாது. பராக்செடினும் வென்லாஃபாக்சினும் ஓரிரு நாளிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அக்காவின் செர்ட்ராலின் இடைப்பட்ட ரகம்.

பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும்; குணமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்கிறார்கள். அத்தனை மாதமும் டப்பா காலியாகாமல் இருக்க வேண்டும் என்பதால் என் ஓட்டு அரசாங்கக் கிளினிக்குக்கே. குறை இல்லாமல் இல்லை. காத்திருப்பு நீளும்; முகம் மாறாத டாக்டர் தனியாரில்தான் கிடைப்பார். இங்கே ஆள் மாற மாற நம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்காகவே மாத்திரையின் பெயர், அளவு, மாற்றிய தேதி, தூக்கம் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

வெட்கத்துக்கும் வழி கிடைத்தது. தொடர்மருந்தை அஞ்சலில் பெறும் ஏற்பாடு இருப்பதை மருந்து முகப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். டாக்டரைப் பார்க்கும் நாள் தவிர அக்கா இப்போது அந்தப் பெஞ்சில் உட்காருவதில்லை. போன வாரம் பொட்டலம் வந்தபோது பக்கத்து வீட்டம்மா, "என்ன, மறுபடியும் ஷாப்பியில் சேலையா?" என்றார். அக்கா ஆமாம் என்று சொல்லிவிட்டார்.