ஆங்கில மனு அடித்துத் தரும் புதுச்சேரி கடைகள்: அச்சு சுத்தம், வினைச்சொல்லில்தான் கோளாறு

புதுச்சேரியில் அரசுக் கோப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நகர்கின்றன. தமிழில் மனு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அதைப் படித்துவிட்டு எழுத்தர் போடும் குறிப்பு ஆங்கிலத்தில்தான் மேலே போகும். அதனால் பள்ளியில் பாட்டு வகுப்போ, விளையாட்டுப் பயிற்சியோ, மாலைச் சிற்றுண்டியோ நின்றுபோனால் பெற்றோர்கள் பலர் நீதிமன்றம், அரசு அலுவலகங்களை ஒட்டிய டிடிபி கடைகளுக்குப் போய் ஆங்கில மனு அடித்து வாங்குகிறார்கள். கடலூர்காரர்களுக்கு இந்தத் தேவை குறைவு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குத் தமிழ் மனுவே போதும்.

இந்தக் கடைகளின் பலம் வடிவம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் அதனதன் இடத்தில் வந்துவிடும். பள்ளிக் கல்வி இயக்குநருக்கு மனு என்றால் நகல் யார் யாருக்குப் போகவேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். எழுத்துப் பிழை அரிது, வேகமும் உண்டு. அந்த அளவில் கொடுக்கிற காசுக்குக் குறைவில்லாத வேலை.

இடறுவது வினைச்சொல்லில். "நிறுத்திட்டாங்கண்ணே" என்று பெற்றோர் சொன்னால் கடைக்காரர் விரல் தானாக 'கேன்சல்டு' என்று அடிக்கிறது; "குறைச்சிட்டாங்க" என்றால் 'கட்'. இரண்டுமே ஆபத்து. 'கேன்சல்' என்றால் ஏற்கெனவே முடிவான ஒன்றை ஒருவர் முடிவெடுத்து ரத்து செய்தார் என்று ஆகிறது. அப்படி எந்த ஆணையும் போடாமல், ஆசிரியர் இல்லாமலோ பணம் வராமலோ வகுப்பு நின்றிருந்தால், "அவ்வாறு ஆணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் எழுதிக் கோப்பை முடித்துவிடலாம். அந்தப் பதிலில் பொய்யும் இருக்காது. பிள்ளைகளுக்கு வகுப்பு மட்டும் திரும்பி வராது.

'கட்' இன்னும் குழப்பம். அமெரிக்கச் செய்திகளில் ஒரு பள்ளித் திட்டம் 'கட்' ஆனது என்றால் அது அறவே நீக்கப்பட்டது என்றுதான் பெரும்பாலும் பொருள். நம் அலுவலகத்தில் அதையே படிப்பவர் ஏதோ கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். ஆகவே பண ஒதுக்கீட்டையே குறைத்ததைப் பற்றி எழுதும்போது மட்டும் 'கட்' போடுங்கள். நேரமோ நாளோ குறைந்திருந்தால் 'ரெட்யூஸ்டு' என்று எழுதி, எதிலிருந்து எதற்கு என்ற எண்ணையும் சேருங்கள்: வாரம் 4 பாடவேளை இருந்தது, இப்போது 1. எண் இல்லாத 'ரெட்யூஸ்டு' வெறும் புலம்பலாகவே படிக்கப்படும். 2020 ஜூலையில் சிபிஎஸ்இ 9 முதல் 12 வரை பாடத்திட்டத்தை 30 சதவீதம் வரை குறைத்ததே, அது இந்தச் சொல்லுக்குப் பொருத்தமான இடம்.

நின்றது திரும்பி வரும் என்ற நிலை இருந்தால் 'சஸ்பெண்டு'. கொரோனாவில் நின்ற புதுச்சேரி மாணவர் சிறப்புப் பேருந்துகள் 2022-இல் மீண்டும் ஓடின. இடைப்பட்ட காலத்துக்கு உரிய சொல் இதுதான். ஆணை போட்டு அதைச் செயல்படுத்தாமல் வைத்திருந்தால் அலுவலக மொழியில் 'கெப்ட் இன் அபெயன்ஸ்'. முற்றாக முடித்துவிட்டார்கள் என்றால் 'டிஸ்கண்டின்யூடு'. படிப்படியாக விலக்கினால் 'ஃபேஸ்டு அவுட்'. புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2023-24-இல் 9, 11 வகுப்புகள் சிபிஎஸ்இ-க்குப் போய், 10, 12 வகுப்புகள் அடுத்த ஆண்டு போயின. பழைய பாடத்திட்டம் விலகிய விதத்துக்கு இந்தச் சொல் சரியாகப் பொருந்தும்.

பணம் ஒதுக்கப்பட்டும் கைக்கு வரவில்லை என்றால் 'விட்ஹெல்டு'. பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால், 2024-25-க்கான சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்விக்கான மத்தியத் திட்டம்) நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தரவில்லை என்று தமிழ்நாடு அரசு சொன்னபோது, ஆங்கிலச் செய்திகளில் அதிகம் வந்த சொல் இதுதான். இங்கே 'கட்' என்று எழுதினால், பணம் நமக்கு உரியதே அல்ல என்பதை நாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். நிலுவையைக் கேட்கும் உரிமை 'விட்ஹெல்டு' என்ற சொல்லில்தான் நிற்கிறது.

கடைகளில் கட்டாயம் பிடிக்கவேண்டிய பிழை இன்னொன்று: பாட்டு டீச்சர் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பதை 'மியூசிக் டீச்சர் வாஸ் சஸ்பெண்டு' என்று அடிப்பது. வகுப்பை சஸ்பெண்டு செய்தால் தற்காலிக நிறுத்தம். ஆசிரியரை என்று எழுதினால் ஒழுங்கு நடவடிக்கை. குற்றமற்ற ஒருவர் மீது பழி விழும். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்றால் 'நாட் ரின்யூடு', இடம் காலி என்றால் 'வேகன்ட்', வேறு பள்ளிக்கு அனுப்பினார்கள் என்றால் 'டிரான்ஸ்ஃபர்டு'. அதேபோல் பள்ளி 'குளோஸ்டு' என்றால் இன்று விடுமுறை என்றும் படிக்கலாம். 'குளோஸ்டு டவுன்' என்றால்தான் இழுத்து மூடியது. பக்கத்துப் பள்ளியோடு சேர்த்திருந்தால் 'மெர்ஜ்டு'. நாளிதழ்த் தலைப்புகளில் வரும் 'ஆக்ஸ்டு', 'ஸ்லாஷ்டு', 'ஸ்கிராப்டு' எதுவும் மனுவில் வேண்டாம்.

காரணம் தெரியவில்லையா? குற்றம் சாட்டும் வினைச்சொல்லே போடாதீர்கள். 'ஹாஸ் நாட் பீன் கண்டக்டடு சின்ஸ்' என்று எழுதித் தேதியைக் கொடுங்கள். நடக்கவில்லை என்பது வருகைப் பதிவேட்டிலும் கால அட்டவணையிலும் தெரியும் உண்மை, அதை மறுப்பது கடினம். கூடவே 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆணை நகல் கேட்டுத் தனி விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். ஆணை கைக்கு வந்ததும் அதில் உள்ள வினைச்சொல்லையே அடுத்த மனுவில் வையுங்கள். அவர்கள் சொல்லையே அவர்களால் மறுக்க முடியாது.

ஆகவே கடைக்குப் போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் வினைச்சொல்லை வீட்டிலேயே முடிவு செய்து, ஆங்கிலத்தில் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கடைசிப் படி எடுக்கும்முன் ஒரு வரைவுத் தாள் கேளுங்கள். பொருள் வரியிலும், நடுப்பத்தியிலும், கோரிக்கை வரியிலும் ஒரே வினைச்சொல் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். மேலே 'சஸ்பெண்டு', கீழே 'கேன்சல்டு' என்று வருவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கோரிக்கையும் அதற்கு இணையாக இருக்கட்டும்: சஸ்பெண்டு என்றால் 'ரிஸ்யூம்', விட்ஹெல்டு என்றால் 'ரிலீஸ்', டிஸ்கண்டின்யூடு என்றால் 'ரெஸ்டோர்'. கோப்பின் மென்பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள், நினைவூட்டுக் கடிதத்துக்குத் தேவைப்படும். மனுவைக் கொடுக்கும்போது உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் வரவு எண்ணும் போட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள்.