கழுத்தை வெட்டும் கடல்கோடு: எந்த மென்பொருள் எதைத் திருத்தும்?

திருகோணமலையின் டச்பேயிலோ உப்புவெளியிலோ கடலைப் பின்னணியாக வைத்து எடுக்கும் உருவப்படங்களில் இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். கடலும் வானமும் சந்திக்கும் கடல்கோடு சாய்ந்திருக்கும், அல்லது நேராக இருந்தாலும் கழுத்துக்குக் குறுக்கே ஓடும். சாய்வை எந்த மென்பொருளும் நிமிர்த்திவிடும். கழுத்துக்கோட்டில்தான் ஸ்னாப்சீட், லைட்ரூம், கிம்ப், போட்டோஷொப் நான்கும் பிரிகின்றன.

ஸ்னாப்சீட்டில் 'ரொட்டேட்' தொட்டால் பெரும்பாலும் தானே நிமிரும். லைட்ரூம் கிளாசிக்கில் ஆர் விசையை அழுத்தி, ஆங்கிள் கருவியால் கடல்கோட்டின் மேல் இழுக்க வேண்டும். கிம்ப்பில் மெஷர் கருவியால் கோடிழுத்து 'ஸ்ட்ரெய்ட்டன்' அழுத்த வேண்டும். எதிலானாலும் முதலில் நிமிர்த்துங்கள், பிறகு வெட்டுங்கள். 6000×4000 படத்தை 3 பாகை திருப்பி அதே விகிதத்தில் வெட்டினால் 24 மெகாபிக்சலில் ஏறத்தாழ 20.7தான் மிஞ்சும். முன்கூட்டியே தலையை ஒட்டி வெட்டியிருந்தால் திருப்ப இடமிருக்காது.

வெட்டியதை மீட்பதில் லைட்ரூமை நம்பலாம்: மூலப்படத்தை அது தொடுவதேயில்லை. போட்டோஷொப்பிலும் கிம்ப்பிலும் 'டிலீட் கிறொப்ட் பிக்சல்ஸ்' தெரிவை நீக்கிவிட்டு, அவற்றின் சொந்தக் கோப்பு வடிவில் சேமியுங்கள். ஜேபெக்காகச் சேமித்தால் வெட்டியது திரும்பாது.

இனிக் கழுத்துக்கோடு. எப்படி வெட்டினாலும் அது கழுத்திலேயே நிற்கும். லைட்ரூமின் 'லென்ஸ் ப்ளர்' கோட்டைக் கரைத்து மெல்லியதாக்கும். கல்யாண ஆல்பத்துக்கு நூறு படங்கள் இருந்தால் இதுவே போதும். கோட்டை உண்மையிலேயே கீழிறக்க, ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்குகள் (லேயர்கள்) வேண்டும். போட்டோஷொப்பில் அடுக்கை நகலெடுத்து, 'செலக்ட் சப்ஜெக்ட்' கொடுத்து, 'ரிஃபைன் ஹேர்' மூலம் காற்றில் பறக்கும் முடியைப் பிடித்து, ஆளைத் தவிர மற்றதை மறைக்கும் மாஸ்க் ஆக்குங்கள். கீழடுக்கில் ஆளை 'கன்டென்ட் அவெயார் ஃபில்' கொண்டு அழித்து, கடல்கோடு தோளுக்குக் கீழ் வரும்வரை அந்த அடுக்கை மட்டும் இறக்குங்கள். மேலே வெறுமையாகும் வானத்தை நிரப்புவது எளிது. இடுப்புக்கு மேலான படங்களில் மட்டும் இதைச் செய்யுங்கள். கால் தெரிந்தால் மணலில் விழுந்த நிழல் காலைவிட்டு நகர்ந்துவிடும்.

கிம்ப் இலவசம். அதிலும் இது முடியும், ஆனால் முடியோரம் பொறுமையைச் சோதிக்கும். ஆளை முழுதாக அழிக்க வேண்டியதில்லை. பின்னணி நகரும்போது வெளித்தெரியும் விளிம்பை மட்டும், பக்கத்துப் பகுதியை நகலெடுத்துப் பூசும் குளோன் கருவியால் நிரப்பினால் போதும், வேலை பாதியாகும்.

தலைக்கு மேல் இடமில்லாத படத்துக்கு ஸ்னாப்சீட்டின் 'எக்ஸ்பாண்ட்' வெறும் வானத்தில் நன்றாக ஓடும். அலையில் அதே கோடுகள் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும். அங்கே போட்டோஷொப்பின் 'ஜெனரேட்டிவ் எக்ஸ்பாண்ட்' மேலானது, இணையம் இருந்தால்.

அச்சுக்கு: 12 மெகாபிக்சல் போனைக் கிடையாகப் பிடித்து எடுத்த 4000×3000 படத்திலிருந்து 4:5 நிமிர்படம் வெட்டினால் 2400×3000 கிடைக்கும். 8×10 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் அது மட்டுமட்டு. இன்னும் நெருக்கி வெட்டினால் பூசினாற்போல் தெரியத் தொடங்கும். 4×6 தாளுக்கானால் 2:3இலேயே வெட்டுங்கள். 4:5 படத்தை அந்தத் தாளில் நிரப்பி அடித்தால் இருபக்கத் தோள்களும் போய்விடும்.